சிறிய பாய்மரப்படகில் ஆழமானி, வேகமானி: பொருத்துவதும் இணைப்பதும்

ஆழமானியும் வேகமானியும் பொருத்திய பலர், கடைசியில் வேகத்துக்கு ஜிபிஎஸ்ஸையே பார்த்து ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. துளை போட்ட இடம் தவறியிருக்கும், அல்லது பொருத்திய பின் யாரும் அளவைச் சரிபார்த்திருக்க மாட்டார்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். பாயை இழுத்தால் படகு விரைகிறதா, தளர்த்தினால் விரைகிறதா என்று அறிய நீரைப் பொறுத்த வேகம் வேண்டும். உண்மைக் காற்றையும் (படகின் ஓட்டத்தைக் கழித்த காற்று) நீரோட்டத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் திரைகளும் இந்த எண்ணையே நம்பியிருக்கின்றன. இது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

இங்கே ஜே/24 வகைப் படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 7.3 மீட்டர், மிதப்பாழம் (நீருக்குக் கீழே இறங்கும் ஆழம்) 1.22 மீட்டர், துடுப்பு வடிவக் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எடைத் தகடு). உடல் இரண்டு ஃபைபர் தோல்களால் ஆனது, நடுவே பால்சா மரம். இந்த நடுமரம் உள்ள படகில் துளை போடத் தெரிந்தால் முழு ஃபைபர் படகில் போடுவது எளிது.

எதை வாங்குவது

சிறிய படகுக்கு ஒரே துளையில் ஆழம், வேகம், நீர் வெப்பம் மூன்றையும் தரும் கூட்டுச் சென்சாரே நல்லது. ஏர்மார் டிஎஸ்டி810 அப்படிப்பட்டது. 51 மி.மீ. துளையில் உட்காரும், சாய்வையும் அளக்கும், தகவலை எண்ணுருவாக்கி நேரடியாகப் படகுக் கருவிகளை இணைக்கும் என்எம்இஏ 2000 கம்பியில் போடும். அதன் ஒலிக்கற்றை பக்கவாட்டில் விசிறிபோல் விரிவதால், உடல் 22 பாகை வரை சரிந்திருக்கும் இடத்திலும் அடியைக் காணும். படகு காற்றில் சாயும்போதும் இந்த விரிவுதான் காப்பாற்றுகிறது.

துளையே வேண்டாம் என்பவர்கள் ஃபைபருக்கு உள்ளேயிருந்து ஒலியனுப்பும் பி79 போன்ற வட்டுச் சென்சாரைப் பார்க்கலாம். ஆனால் அது ஆழத்தை மட்டுமே தரும். ஒலி முழு ஃபைபர் வழியாகத்தான் போகும்; பால்சா, நுரை, மரம், உலோகம் வழியாகப் போகாது. ஜே/24-இல் அதை ஒட்ட வேண்டுமானால் உள்தோலையும் பால்சாவையும் அந்த இடத்தில் வெட்டி எடுக்க வேண்டும். அவ்வளவு வேலைக்குத் துளையே போட்டுவிடலாம்.

பழைய படகில் அனலாக் சென்சார் ஏற்கெனவே நன்றாக வேலை செய்தால் அதைக் கழற்ற வேண்டாம். ரேமரின் ஐடிசி-5, ஆக்டிசென்ஸ் டிஎஸ்டி-2 போன்ற பெட்டிகள் அனலாக் குறியைப் புதிய கருவிகளுக்குப் புரியும்படி மாற்றித் தரும். வாங்குமுன் சென்சாரின் அதிர்வெண்ணும் பெட்டியின் அதிர்வெண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 170 கிலோஹெர்ட்ஸ் சென்சாரை 200 கிலோஹெர்ட்ஸ் பெட்டியில் மாட்டினால், படகுத்துறையில் ஆழம் காட்டும்; சற்று ஆழத்துக்குப் போனதும் விட்டுவிடும்.

உறை எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்பதைப் படகின் உடல் தீர்மானிக்கும். ஃபைபருக்குப் பிளாஸ்டிக்கோ வெண்கலமோ ஆகலாம். மரப்படகில் பிளாஸ்டிக் கூடவே கூடாது; மரம் நீரில் ஊதி உறையை நெரித்து உடைத்துவிடும். அலுமினியத்தில் வெண்கலம் வைத்தால் மின்னரிப்பில் துளையைச் சுற்றியுள்ள உடல்தான் கரையும்.

இடம்

துடுப்புக் கீல் உள்ள படகில் கீலின் முன்விளிம்பிலிருந்து 30 முதல் 60 செ.மீ. அணியத்தை (படகின் முன்முனை) நோக்கி, நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே. அதற்கும் முன்னே போனால் அலையில் அணியம் எழும்போது சென்சார் காற்றைக் குடிக்கும். கீலை ஒட்டி வைத்தால் கீல் தள்ளும் நீர் வேகத்தைக் கெடுக்கும். நடுக்கோட்டை விட்டு ஒருபுறம் நகர நகர, இடப்பக்கம் சாயும்போது ஒரு வேகமும் வலப்பக்கம் சாயும்போது வேறொன்றும் வரும்.

சென்சாருக்கு முன்னால் வேறு துளை, வால்வு, மேடு எதுவும் இருக்கக் கூடாது. அவை கிளப்பும் குமிழி, வேகத்தை அளக்க நீரில் சுழலும் துடுப்புச் சக்கரத்தின் மேல் நேராக வரும். கிரேன் வார் படும் இடத்தையும் டிரெய்லரின் உருளை தாங்கும் இடத்தையும் முதலில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சரியாகப் பொருத்தப்பட்ட பல சென்சார்கள் தூக்கும் நாளில்தான் உடைகின்றன. உள்ளே, சென்சாரை மேலே உருவி எடுக்க உயரம் வேண்டும், 30 செ.மீ. இருந்தால் நிம்மதி. கடலில் கையை விட்டு எடுக்க முடியாத மூலையில் வைத்தால் சுத்தம் செய்யவே மாட்டீர்கள்.

துளை

படகு கரையில் இருக்க வேண்டும். தேவையானவை: 51 மி.மீ. ஹோல் சா (வட்டமாக அறுக்கும் டிரில் முனை), 60 அல்லது 63 மி.மீ. ஹோல் சா, 3 மி.மீ. டிரில் பிட், எபாக்சியும் அதைக் கெட்டியாக்கும் சிலிகா பொடியும், 80-ஆம் எண் உப்புத்தாள், ஆல்கஹால், கடல் சீலன்ட், வெளிவிட்டம் 51 மி.மீ. உள்ள குழாய்த் துண்டு ஒன்று.

முதலில் உள்ளேயிருந்து 3 மி.மீ. வழித்துளை. வெளியே இறங்கி அது எங்கே வந்திருக்கிறது, கீலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். இடம் தப்பியிருந்தால் இந்தச் சிறு துளையை எபாக்சியால் அடைத்துவிட்டு வேறிடம் போகலாம். பெரிய துளையை அப்படி மறக்க முடியாது. பிறகு வெளியேயிருந்து 51 மி.மீ. சாவால் வெளித்தோலை மட்டும் அறுங்கள். அறுபட்ட வட்டத்தைப் பெயர்க்காமல் அப்படியே விடுங்கள். அதிலுள்ள வழித்துளைதான் அடுத்த சாவுக்கு மையம். இனி உள்ளேயிருந்து பெரிய சாவால் உள்தோலையும் பால்சாவையும் அறுங்கள். உள்தோல் கடந்ததும் கையை இலேசாக்குங்கள். பால்சா வெண்ணெய்போல் விட்டுக்கொடுக்கும், அழுத்தினால் சா வெளித்தோலையும் வெட்டிவிடும்.

வெளிவந்த பால்சாவைத் தொட்டுப் பாருங்கள். வெளிர் நிறமாக உலர்ந்திருந்தால் நல்லது. ஈரமோ கருப்போ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, உலர்த்திய பிறகே தொடர வேண்டும். ஈர மரத்தின் மேல் எபாக்சி ஒட்டாது.

துளையின் ஓரத்தில் தெரியும் பால்சாவுக்குப் பொடி கலக்காத எபாக்சியைத் தூரிகையால் குடிக்கக் கொடுங்கள். மெழுகு பூசிய குழாய்த் துண்டை வெளித்தோல் துளையில் நிறுத்தி டேப்பால் பிடிக்க வைத்து, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில் பொடி கலந்த எபாக்சியை ஊற்றுங்கள். இறுகியதும் குழாயை உருவினால், பால்சாவைச் சுற்றி நீர் புகாத வளையம் நிற்கும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. சீலன்ட் ஒருநாள் விட்டுக்கொடுத்ததும் நீர் பால்சாவுக்குள் ஊர்ந்து, கீலுக்கு முன்னுள்ள அடிப்பகுதி முழுவதையும் அழுகச் செய்யும். உறையின் கொட்டை இறுக்கும்போது உடல் நசுங்காமல் தாங்குவதும் இந்த வளையம்தான்.

உறையை ஒட்டுதல்

துளையைச் சுற்றி உள்ளும் புறமும் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். பிளாஸ்டிக் உறையின் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள். அது பிளாஸ்டிக்கை வலுவிழக்கச் செய்யும், விரிசல் பின்னர்தான் தெரியும். சீலன்ட் பிளாஸ்டிக்குக்கு ஏற்றதா என்று குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பாலியூரித்தேன் வகையில் 3எம் 4200, சிகாஃபிளெக்ஸ் 291 போன்றவை பொருந்தும். 3எம் 5200 தேவையில்லை, அது நிரந்தரப் பிடிப்பு. பின்னாளில் உறையை மாற்ற நேர்ந்தால் ஃபைபரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

விளிம்பின் அடியிலும், உடலுக்குள் போகும் கழுத்திலும், கொட்டைக்குச் சற்று மேல் வரையிலும் 2 மி.மீ. கனத்துக்குச் சீலன்ட் தடவி, வெளியேயிருந்து திருகியபடி ஏற்றுங்கள். உறையின் மேலுள்ள அம்பு அணியத்தை நோக்கி, நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒருவர் வெளியே பிடித்துக்கொள்ள, மற்றவர் உள்ளே பார்த்துச் சொன்னால் ஒரே தடவையில் அமையும். பிளாஸ்டிக் கொட்டையைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் எடுத்தால் இழை உடையும். வெளியே பிதுங்கும் சீலன்டை வழித்தெடுத்து விளிம்பைச் சுற்றி மழமழப்பாக்குங்கள். அங்கே ஒரு மேடு நின்றாலும் அதிலிருந்து குமிழி பிறக்கும்.

சீலன்ட் முழுதாக இறுகிய பின் நீரில் இறக்குங்கள். இறக்கியவுடன் வாரை அவிழ்க்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். மறுநாளும் பாருங்கள், மெல்லிய கசிவு முதல் மணி நேரத்தில் கண்ணுக்குப் படாது.

ஓ-வளையங்களுக்கு உடன் வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். மூடிக் கொட்டையைப் போட்டபின் பாதுகாப்புக் கம்பியையும் கட்டாயம் மாட்டுங்கள். சுத்தம் செய்ய சென்சாரை உருவும்போது உறைக்குள் இருக்கும் மடிப்பு வால்வு நீரைத் தடுக்கும், ஆனால் முழுமையாக நிறுத்தாது. வால்வு இல்லாத 51 மி.மீ. துளை, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 230 லிட்டர் உள்ளே வரும். ஆகவே சென்சாரைத் தொடுமுன் அடைப்புக்கட்டை (சென்சாருக்குப் பதிலாக உறையில் செருகுவது) மறுகையில் இருக்க வேண்டும். பொருந்தும் அளவு மர ஆப்பு ஒன்றையும் உறையிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

கம்பி

என்எம்இஏ 2000 என்பது ஒரு முதுகெலும்புக் கம்பி. அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கிளை. முதுகெலும்பின் இரு முனைகளிலும் 120 ஓம் முடிப்பான். கிளை ஒவ்வொன்றும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. டிஎஸ்டி810-உடன் வரும் கம்பியே 6 மீட்டர். அதற்கு நீட்டிப்பு போட இடமில்லை. எட்டவில்லை என்றால் முதுகெலும்பைச் சென்சார் பக்கம் கொண்டுவாருங்கள். ஜே/24-இல் படிக்கட்டுக்கு அடியில் முதுகெலும்பு வைத்தால் போதும். மின்சாரம் முதுகெலும்புக்கு ஒரே இடத்தில், தனி ஃபியூஸ் வழியாகப் போக வேண்டும். வெறுங்கம்பியான கவசத்தையும் ஒரே இடத்தில்தான் எர்த் செய்ய வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு முடிப்பான் இல்லை அல்லது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவது முடிப்பானைப் போட்டிருக்கிறார்கள். திரையில் எண்கள் வந்து வந்து மறையும் நோய்க்கு முதல் மருந்து இந்த அளவீடுதான்.

ரேமரினின் சீடாக் என்ஜி, சிம்ராடின் பழைய சிம்நெட் இரண்டும் பேசும் மொழி இதுவே, பிளக்தான் வேறு. மாற்றுக் கம்பி வாங்கினால் போதும்.

பழைய என்எம்இஏ 0183 கருவிகள் இருந்தால் கதை வேறு. அதில் ஒருவர் பேச, பலர் கேட்கலாம். இருவர் ஒரே கம்பியில் பேச முடியாது. ஆழமானி ஒன்று, வேகமானி ஒன்று எனத் தனித்தனியாக இருந்தால் இரண்டின் பேச்சையும் ஒரே கம்பியில் சேர்க்கும் மல்டிபிளெக்சர் வேண்டும். அல்லது ஆக்டிசென்ஸ் என்ஜிடபிள்யூ-1 போன்ற மாற்றிகளால் அவற்றை என்எம்இஏ 2000-க்கு ஏற்றலாம்.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு: ஏர்மார் துடுப்புச் சக்கரம் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 20,000 துடிப்புகள் தரும். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் நொடிக்கு 28 அளவில் வரும். ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை இதைச் சுளுவாக எண்ணி, படகுத் தரவைத் திரட்டும் சிக்னல்-கே சேவையகத்துக்கு அனுப்பும். சக்கரத்தின் சுழற்சியை உணரும் ஹால் சென்சாரின் வெளியீட்டைப் பலகையின் 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோஓம் மின்தடையால் மேலிழுத்து வையுங்கள். ஆழத்தின் அனலாக் பகுதியை வீட்டில் செய்ய முனைய வேண்டாம். அங்கே உயர் மின்னழுத்தத் துடிப்பு இருக்கிறது.

ஆழத்தை நேராக்குதல்

சென்சார் அளப்பது தன் முகத்திலிருந்து அடி வரை உள்ள தூரம். உங்களுக்கு வேண்டியது நீர்மட்டத்திலிருந்து ஆழமா, கீலுக்குக் கீழே மிச்சமிருக்கும் நீரா என்று முதலில் முடிவெடுத்து, படகில் ஏறும் எல்லோருக்கும் அதைச் சொல்லுங்கள். சென்சார் நீருக்கு 0.30 மீட்டர் கீழே இருக்கிறது, அது 2.00 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். +0.30 கூட்டினால் நீரின் ஆழம் 2.30. கீலுக்குக் கீழே வேண்டுமானால் −0.92 போட வேண்டும், வருவது 1.08. வரைபடத்தோடும் ஓத அட்டவணையோடும் ஒப்பிட முதலாவதே வசதி. இரவில் ஆழம் குறைந்த இடத்தில் களைத்துப்போன மனிதருக்கு இரண்டாவதே பாதுகாப்பு. இரண்டில் எது என்று திரைக்கருகே ஒட்டி வையுங்கள். அலகையும் பாருங்கள்: மீட்டரா, அடியா, பாகமா? ஒரு பாகம் 1.83 மீட்டர்.

சரிபார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறு போதும். அசையாத நாளில் சென்சாருக்கு நேர் மேலே விட்டு அளந்து பாருங்கள். அடி சேறாக இருந்தால் குண்டு புதையும், ஒலி மேல்படலத்திலிருந்தே திரும்பும். மணல் உள்ள இடம் தேடுங்கள். நன்னீரில் ஒலி கடல்நீரைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு மெதுவாகப் போகும். ஏரியில் ஓட்டுபவர்களுக்கு 20 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும்.

கெட்டியான அடியில், மிகக் குறைந்த ஆழத்தில், திடீரென இருமடங்கு காட்டினால் அது இரண்டாம் எதிரொலி. ஆழமான இடத்தில் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று பொய் சொன்னால் முகத்தில் பாசியோ குமிழியோ ஒட்டியிருக்கும்.

வேகத்தை நேராக்குதல்

அதிகப் பிழை நடக்கும் இடம் இது. காற்றில்லாத காலையில், அடி சுத்தமாக உள்ள படகை மோட்டாரில், ஒரே சுற்றெண்ணில், ஒரு திசையில் ஓட்டி, திரும்பி அதே கோட்டில் எதிர்த்திசையில் ஓட்டுங்கள். நீரோட்டம் ஓடும் கோட்டிலேயே போங்கள்; குறுக்காக ஓடினால் கணக்கு கெடும். இரண்டிலும் ஜிபிஎஸ் வேகத்தையும் வேகமானியையும் குறியுங்கள்.

ஜிபிஎஸ் போகும்போது 5.6, வரும்போது 4.4 நாட், வேகமானி இரண்டிலும் 4.6 என்றால், ஜிபிஎஸ் சராசரி 5.0. பெருக்கு எண் 5.0 ÷ 4.6 = 1.087. குறித்த தூரத்தை நேரம் பார்த்து ஓடுபவர்கள் இரு நேரங்களைச் சராசரியாக்கக் கூடாது. ஒரு கடல் மைலுக்கு முறையே 10 நிமிடம் 43 நொடியும் 13 நிமிடம் 38 நொடியும் ஆகும். அவற்றின் சராசரியில் வேகம் கணக்கிட்டால் 4.93 வரும். எதிர்நீரில் அதிக நேரம் இருந்ததால் அந்த ஓட்டம் கூடுதல் எடை பெற்றுவிடுகிறது. ஒவ்வொன்றையும் வேகமாக்கிய பின்னரே சராசரி எடுங்கள்.

இந்தப் பெருக்கு எண்ணை ஒரே இடத்தில் போடுங்கள். டிஎஸ்டி810-க்குக் கைப்பேசிச் செயலி வழியாகப் போட்டால் அது சென்சாருக்குள்ளேயே தங்கும். அதன்பின் திரையிலும் போட்டால் 1.087 இரண்டு முறை பெருகி 1.18 ஆகிவிடும். பல வேகங்களில் ஓட்டிப் பாருங்கள். 3 நாட்டில் சரியாகும் எண் 6 நாட்டில் சரியாக இருக்காது. பாயில் 20 பாகை சாய்ந்து ஓடும்போது இருபக்கமும் வேறு வேகம் வந்தால் இந்தச் சென்சாரில் சாய்வுக்கேற்பவும் திருத்தம் கொடுக்கலாம்.

ஒன்றாக்குதல்

வேகம், திசைகாட்டி, ஜிபிஎஸ் மூன்றும் கம்பியில் ஏறியதும் திரை நீரோட்டத்தைச் சொல்லத் தொடங்கும். அதை உடனே நம்ப வேண்டாம். வட்டமாகச் சுற்றிவந்து பாருங்கள். உண்மையான நீரோட்டம் படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே திசையில் இருக்கும். நீங்கள் எங்கே போனாலும் நீரோட்டமும் உங்கள் பின்னாலிருந்தே தள்ளுவதாகக் காட்டினால் வேகமானி குறைவாகச் சொல்கிறது. எப்போதும் எதிரே வந்தால் கூடுதலாகச் சொல்கிறது. 5 நாட்டில் 10 விழுக்காட்டுப் பிழை அரை நாட் பொய் நீரோட்டமாகும். காற்றின் பக்கமிருந்து எப்போதும் பக்கவாட்டில் தள்ளுவதாகக் காட்டினால் அது பெரும்பாலும் படகின் நழுவல்: 5 நாட்டில் 5 பாகை நழுவல் 0.44 நாட் பக்க ஓட்டமாக வேடம் போடும்.

உண்மைக் காற்றும் இப்படித்தான். நேர்ப்பின் காற்றில் காற்றுமானி 8 நாட், படகு 6 நாட் என்றால் உண்மைக் காற்று 14. வேகமானி 6.6 என்று கூட்டிச் சொன்னால் 14.6 ஆகும். எதிர்க்காற்றில் அதே பிழை காற்றைக் குறைத்துக் காட்டும். அணியத்தைத் திருப்பியதும் காற்று கூடிக் குறைவதாகத் தெரிந்தால் வானத்தைப் பார்க்குமுன் வேகமானியைப் பாருங்கள்.

தணிப்பு நேரத்தை (எண் துள்ளாமலிருக்கத் திரை சராசரி எடுக்கும் நேரம்) எல்லாவற்றுக்கும் ஒன்றாக வையுங்கள். 3 அல்லது 4 நொடி நல்ல தொடக்கம். வேகமானிக்கு 10, ஜிபிஎஸ்ஸுக்கு 1 என்று இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத நீரோட்டம் முளைக்கும். மீன் காட்டும் கருவியும் படகில் இருந்தால் ஆழத்துக்கு இரண்டு மூலங்கள் ஆகிவிடும். திரையின் தரவு மூலப் பட்டியலில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாகத் தேர்வதற்கு விட்டால் ஒருநாள் 0.92 மீட்டர் வித்தியாசம் உள்ள மற்றதற்கு சொல்லாமல் மாறிவிடும்.

பராமரிப்பு

வெப்பக்கடலில் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) விரைவாகப் பிடிக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ நீரிலேயே கிடக்கும் படகில், ஓட்டாத நாட்களில் சென்சாரை உருவிவிட்டு அடைப்புக்கட்டை வைப்பதே தீர்வு. கண்ணுக்கே தெரியாத கொட்டலசுக் குஞ்சு ஒன்று அச்சில் அமர்ந்தாலும் குறைந்த வேகத்தில் சக்கரம் நிற்கும். தலைமுடி, தூண்டில் நரம்பு இரண்டும் அச்சில் சுற்றும். பல் துலக்கியால் எடுங்கள், கத்தி வேண்டாம். சென்சாரின் முகத்துக்கும் சக்கரத்துக்கும் நீர் அடிப்படையிலான பாசித்தடுப்பு வண்ணத்தை மட்டும் மெல்லப் பூசலாம். கீட்டோன் கலந்த வண்ணம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். அடிக்கு வண்ணம் பூசிய பிறகும் சக்கரத்தை மாற்றிய பிறகும் இருதிசை ஓட்டத்தை மறுபடி செய்து புதிய பெருக்கு எண்ணைப் படகின் குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள்.